கட்டைவிரல்

முதலில் அனுப்பியது
நீலச் சட்டையில் அவன் சிரிக்கும் படம்.
மனாமா கடற்கரைச் சாலை, யாருடைய காரிலோ சாய்ந்து.
இருளாண்டி, கமுதிப் பக்கம், சாரக்கட்டு வேலை,
மூன்றாம் தட்டிலிருந்து விழுந்தான் என்று
கீழே நான்கு வரி எழுதியிருந்தேன்.
இரண்டு நாளில் நாற்பத்தோரு தினார் வந்தது.
அதில் ஐந்து என்னுடையது.

கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை.
ஆஸ்பத்திரிக் கவுண்டரில் மலையாளத்துப் பெண்
தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்:
"சார், இன்னிக்குள்ள கொஞ்சமாவது."
கோல்ட் ஸ்டோர் ஜெய்னுலாபுதீன்
ஐந்நூறு ஃபில்ஸ் தாள்களை எண்ணிக்கொண்டே கேட்டார்:
"சிரிக்கிறவனுக்கு யாருங்க காசு கொடுப்பா?"

சாயங்காலம் வார்டுக்குப் போனேன்.
ஊசி ஏறாத கையால் தலையணைக்கடியில் துழாவினான்.
"இருங்கண்ணே, சட்டை போட்டுக்கிறேன்."
வேண்டாம் என்றேன்.
"தலையாவது சீவிக்கிறேன்."
அதுவும் வேண்டாம் என்றேன்.
போர்வையை முழங்காலுக்கு மேல்,
முழங்கால் இருந்த இடத்துக்கு மேல்
விலக்கிப் பிடித்தேன்.
வெளிச்சம் போதவில்லை.
நர்ஸைத் திரைச்சீலையை ஒதுக்கச் சொன்னேன்.
அவன் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

இரவு பன்னிரண்டுக்குள் அறுநூற்றுப் பதினெட்டு.
ரிஃபா, ஹமத் டவுன், அஸ்கர் கேம்ப்,
பாலம் தாண்டி தம்மாமிலிருந்தும்.
அழுத முகங்கள், கூப்பிய கைகள்,
வரிசையாக வந்துகொண்டே இருந்தன.
கொடுத்தவர் பட்டியலில்
தன் பெயரில் துணைக்கால் விட்டுப்போனதென்று
மூன்று முறை அழைத்தார் சங்கப் பொருளாளர் மாணிக்கவாசன்.
நள்ளிரவில் உட்கார்ந்து
அவருக்குக் காலைச் சேர்த்துத்
திருத்திப் போட்டேன்.

வீட்டுக்கு அவன் சொல்லியிருந்தது "சின்ன அடி."
பணத்துக்கு முந்திப் படம் ஊர்போய்ச் சேர்ந்தது.
மச்சினன் போனில். டீக்கடைக்காரர் போனில்.
எட்டாவது படிக்கும் மகளுக்கு
டியூஷன் அக்கா காட்டியிருக்கிறாள்:
"இது உங்கப்பாதானே?"

அவன் என்னைத் திட்டவில்லை.
"எவ்வளவுண்ணே சேர்ந்துச்சு?"
சொன்னேன்.
"அந்த நீலச் சட்டைக்கு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் விரல்விட்டு
எதையோ கழித்துப் பார்த்தான்.

பில் கட்டி, டிக்கெட் போட்டு,
சக்கர நாற்காலியும் வாங்கியதுபோக
மீதி எண்பத்தேழு தினார் ஐந்நூறு ஃபில்ஸ்.
அதையும் அவன் மனைவி கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.
ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன.
ஒரு ஃபில்ஸ் இடிக்காது,
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆறு மாதம் கழித்து
முன்பின் தெரியாத ஒரு குழுவிலிருந்து
அதே படம் எனக்கே வந்தது.
பெயர் வேறு, ஊர் வேறு, கணக்கு எண் வேறு.
மனம் உள்ளவர்கள் பகிரவும்.
போலி என்று எழுதப் போனவன்
பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடது ஓரத்தில், போர்வையைப் பிடித்தபடி
ஒரு கட்டைவிரல்,
நகத்தில் பச்சை பெயின்ட்.
எழுதியதை அழித்தேன்.
மறுபடி எழுதினேன், அனுப்பினேன்.
"நீ யாருடா கேக்க?" என்று
ஒருவன் பதில் போட்டிருந்தான்.

இப்போது செங்கழனி.
கிரேன் கொக்கி இடுப்பில் இடித்து
அதே ஆஸ்பத்திரி, வேறு தளம்.
பெயரும் தொகையும் மட்டும் போட்டிருக்கிறேன்.
"போட்டோ இல்லையா?" என்று பதினோரு பேர்
கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.
நேற்றுவரை பத்தொன்பது தினார்.
கவுண்டர் பெண்ணுக்கு இந்த ஒரு வருஷத்தில்
தமிழ் இன்னும் நன்றாக வந்துவிட்டது.

வார்டு வாசலில் நிற்கிறேன்.
உள்ளே அவன் சட்டையோடு படுத்திருக்கிறான்,
பட்டன் ஒன்று மாறிப் போட்டிருக்கிறான்.
போனில் சார்ஜ் தொண்ணூறு.